நடவுக் குழுவும் 50 குத்தும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மத்திய கால நெல் இரகங்களை 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்துகள் இருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. ஆயினும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடும் வயல்களில் இறங்கி எண்ணினால் பல இடங்களில் அந்த எண்ணிக்கை இருப்பதில்லை. நடும் பெண்களைக் குறை கூறிப் பயனில்லை. விரைவில் முடித்தால் அவர்களுக்கு அடுத்த வயல் கிடைக்கிறது. நெருக்கி நட்டால் கிடைப்பது இடுப்பு வலிதான். விளைச்சல் குறைவது அறுவடையில்தான் தெரியவரும். அதற்குள் அவர்கள் எங்கோ, நாம் எங்கோ.

இத்தகைய சிக்கலுக்கு ஒரு தொழிற்சாலையில் கண்ட வழியைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊர். அங்கே, டிராக்டர் தயாரித்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனிக்குப் பழைய எஞ்சின்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தாய்க் கம்பெனி நொடித்துக் கொண்டிருந்த நிலையில், 1983ஆம் ஆண்டில் ஜாக் ஸ்டாக் என்பவரும் வேறு 12 மேலாளர்களும் சேர்ந்து அதை வாங்கினார்கள். கைமுதல் 1 இலட்சம் டாலர். கடனோ 89 இலட்சம் டாலர்! நம்மூரில் யார் கடன் கொடுப்பார்கள்?

அவர்கள் கணக்குப் புத்தகத்தைத் தொழிலாளர் அனைவருக்கும் திறந்து காட்டி, படிக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு, தொழிலில் எது நொண்டுகிறதோ அந்த ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு ஓர் எண்ணும் இரண்டு மூன்று மாதக் கெடுவும் வைத்து, விளையாட்டைப் போல நடத்தினார்கள். கபடிக் களத்தில் புள்ளியை உடனுக்குடன் சொல்வது போல, நிலவரத்தைப் பலகையில் எழுதினார்கள். வென்றால் எல்லோருக்கும் சிறு பரிசு. அந்த நிறுவனம் கடனில் மூழ்காமல் வளர்ந்து இன்றும் நடந்து வருகிறது.

நடவுக்கு இதைக் கையாள்வது கடினமன்று. ஒரே நடவுக் குழுவை அழைக்கும் உழவர்கள் பத்துப் பதினைந்து பேர் முதலில் ஒன்றுகூடுங்கள். மூங்கிலால் மீட்டருக்கு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்று செய்து கொள்ளுங்கள். நட்ட வயலில் வரப்போரம் தவிர்த்து 5 இடங்களில் சட்டத்தை வைத்துக் குத்துகளை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். எண்ணுவதற்குக் குழுவிலிருந்து ஒருவர், உழவர் தரப்பில் ஒருவர். கணக்கைத் தேநீர்க் கடைப் பலகையில் அன்றே எழுதிவிடுங்கள். சட்டத்தை வைக்குமுன் "எத்தனை இருக்கும், சொல்லுங்கள் அக்கா" என்று கேட்டு, நெருங்கிச் சொன்னவருக்கு இரண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தால் சிரிப்புக்குப் பஞ்சமிராது.

உதாரணமாக, இப்போது 35 குத்து இருக்குமானால் முதல் வாரம் 40, அடுத்து 45, பிறகு 50 என்று ஏற்றுவதே முறை. முதல் நாளே 50 கேட்டால் ஆட்டம் தொடங்குமுன்பே கலைந்துவிடும். பரிசை முன்கூட்டியே அறிவித்து, நாற்று முடி சுமப்பவர் உட்படக் குழு முழுவதற்கும் சமமாகக் கொடுக்க வேண்டும். கூலியில் கை வைத்துவிட்டுப் பரிசு கொடுப்பது ஏமாற்று வேலை; அதைவிடச் சும்மா இருப்பது நன்று.

எந்த எண்ணைக் குறிக்கோளாக வைக்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் தேவை. பருத்தியை எடைக்குக் கூலி பேசி எடுக்கும் இடங்களில் பனி ஈரமும் இலைச் சருகும் சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். எடை கேட்டோம், எடை வந்தது! அதுபோல, யார் சீக்கிரம் நடுவது என்று போட்டி வைத்தால் குத்து இன்னும் குறையும். மூட்டைக் கணக்கையும் வைக்கலாகாது. மழையும் வாய்க்கால் தண்ணீரும் நடும் பெண்களின் கையில் இல்லை.

இன்னொன்றும் உண்டு, இது நமக்குச் சற்றுக் கசக்கும். ஆட்டம் சூடு பிடித்ததும் அவர்கள் நம்மைக் கேள்வி கேட்பார்கள். "வயல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறதே ஐயா, நாற்று முற்றிப் போயிற்றே" என்பார்கள். மத்திய கால இரகத்துக்கு 25 முதல் 30 நாள் நாற்றையும் சமன் செய்த சேற்றையும் கொடுப்பது நமது பங்கு. அதைச் செய்யாதவர் வயலின் எண்ணிக்கையையும், அவர் பெயரோடு, அதே பலகையில் எழுதிவிட வேண்டியதுதான்.

நட்ட 7 முதல் 10 நாட்களுக்குள் போக்கிடம் நிரப்பியபின் கடைசியாக ஒருமுறை எண்ணி, அன்று மாலையே பரிசைக் கொடுத்துவிடுங்கள். அறுவடை வரை தள்ளிப்போட வேண்டாம்.