உரலில் இடித்த உறவு

(ஆண்டு விழாவின் மாதர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தலைநகரில் வாழும் நம் இல்லங்களில் ஒரு கவலை உண்டு. பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய புளியோதரை மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. உடன் பயிலும் பிள்ளை முகம் சுளித்தானாம். அதே குழந்தை, அண்டை வீட்டார் கடுகெண்ணெயைக் காய்ச்சும்போது தானும் முகம் சுளிக்கிறது. இவ்விரண்டும் ஒரே நோயின் இரு கூறுகள் அல்லவா? இந்நோய்க்கு எங்கள் இல்லத்தில் எதிர்பாராத மருந்தொன்று கிடைத்தது. அது தாய்லாந்துச் சமையல்.

2024 அக்டோபரில் குழந்தைகளுடன் பாங்காக் நகருக்குச் சென்றிருந்தோம். அவ்வாண்டு நவராத்திரியும், அந்நாட்டில் சீன வழியினரும் பிறரும் ஒன்பது நாள் புலால் நீக்கி உண்ணும் விழாவும் ஒருங்கே வந்தன. சீலோம் சாலை மாரியம்மன் கோயிலில் வழிபட்டோம். மஞ்சள் கொடி பறந்த கடைகளில் உண்டோம். சைவ உணவினராகிய எங்களுக்கு அது நற்பேறாயிற்று. அம்மக்கள் ஒருவரையொருவர் நலம் உசாவும்போது, "கின் காவ் ரு யாங்?" என்கின்றனர். "சோறு உண்டாயிற்றா?" என்பது அதன் பொருள். "நம் பாட்டி கேட்பது போலவே இருக்கிறதே!" என்று எங்கள் மகள் வியந்தாள்.

ஊர் திரும்பியபின், அவ்வுணவை நம் வீட்டிலும் சமைக்க வேண்டுமெனப் பிள்ளைகள் வற்புறுத்தினர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஐ.என்.ஏ. சந்தைக்கு அழைத்துச் சென்று பப்பாளிக்காயும் எலுமிச்சைப்புல்லும் பேரரத்தையும் வாங்கினோம். கத்தியும் அடுப்பும் மிளகாயும் பெரியவர் பொறுப்பு. ஏனையவை பிள்ளைகளின் பொறுப்பு என வகுத்துக்கொண்டோம்.

முதலில் "சொம் தம்". "சொம்" என்பது புளிப்பு. "தம்" என்பது இடித்தல். நான்கு பல் பூண்டையும் இரண்டு மிளகாயையும் சிறு கல்லுரலில் நசுக்கி, அகன்ற பாத்திரத்தில் இட்டோம். சீவிய பப்பாளிக்காய் அரை கிலோ, நறுக்கிய காராமணிக்காய், தக்காளி, வறுத்த வேர்க்கடலை ஆகியவற்றைச் சேர்த்து, மர மத்தால் கூழாகாமல் மெல்ல இடித்தாள் மகள். அவர்கள் ஊற்றும் மீன் சாற்றிற்கு ஈடாக உப்பும் சிறிது சோயா சாறும் இட்டோம். பின்பு பனைவெல்லமும் எலுமிச்சம்பழச் சாறும். புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்க வேண்டும். அதனைத் தீர்மானிப்பது அளவுக் கரண்டியன்று, நாவே. ஆகவே அக்காளும் தம்பியும் சுவைத்துச் சுவைத்து வழக்காடினர்!

அடுத்தது "தொம் கா" என்னும் தேங்காய்ப்பால் சாறு. "கா" என்பது பேரரத்தை. நம் முன்னோர் மருந்துப் பெட்டியில் வைத்த அரத்தை, அங்கே அன்றாடச் சமையற் பொருள். அதன் வில்லைகளையும் எலுமிச்சைப்புல்லையும், நாம் கறிவேப்பிலையை ஒதுக்குவது போல், அவர்களும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகின்றனர். இறுதியில் தேங்காய்ப்பாலில் வெந்த வாழைப்பழம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் "துறவு பூண்ட வாழை". அந்நாட்டுப் பெண் துறவியர் வெள்ளாடை உடுத்துவதால் வந்த பெயர் இது. இதனைக் கேட்டுச் சிறுவன் நகைத்து மகிழ்ந்தான்.

உண்ணும்போது அவன் வினவினான்: "இவையெல்லாம் தாய்லாந்திலேயே தோன்றியவையா?" அல்ல. பப்பாளி, மிளகாய், தக்காளி, வேர்க்கடலை யாவும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே ஆசியாவிற்கு வந்தவை. அண்டை வீட்டுப் பஞ்சாபியர் போற்றும் ராஜ்மாவும் அவ்வாறு வந்ததே. நாம் வந்த விருந்தாளிக்கு மிளகின் பெயரால் மிளகாய் என்று பெயரிட்டோம். தாய்லாந்தினரோ "பிரிக்" என்ற சொல்லை மிளகாய்க்கு வழங்கி, மிளகைத் "தாய்லாந்துப் பிரிக்" என வேறுபடுத்தினர். அயலிலிருந்து வந்ததைக் கைகள் பழகிப் பழகி உரிமையாக்கிக் கொண்டன.

"அப்படியாயின், மிளகாய் வருமுன் நம் பாட்டிமார் எப்படிச் சமைத்தனர்?" என்று மகள் கேட்டாள். அடுத்த ஞாயிறு அதே உரலில் அவள் இடித்தது, மிளகுக்குழம்பிற்கான மிளகு. பிறர் உணவை ஆக்கக் கற்ற கை, தன் உணவை நாடி வந்தது. நாங்கள் பலமுறை சொல்லியும் பிறவாத ஆர்வம், ஓர் உலக்கைப் பிடியில் பிறந்தது.

தென் தாய்லாந்தின் தகுவா பாவில் கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அது ஒரு குளத்தையும், அதற்குக் காவலான மணிக்கிராமத்தார் என்னும் வணிகரையும் குறிப்பிடுகிறது. சென்ற ஊரில் குளம் தொட்டு வாழ்ந்த மரபினர் நாம். சென்ற ஊரின் சோற்றை இகழ்வதும், நம் சோற்றுக்கு நாணுவதும் அம்மரபுக்கு அழகாகா.

எனவே தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளை அடுக்களைக்கு அழையுங்கள். ஒரு முறை வங்காளியர் உணவு, ஒரு முறை பஞ்சாபியர் உணவு, ஒரு முறை கடல் கடந்த உணவு, ஒரு முறை நம் ஊர்ப் பழையமுது. சமையல் சற்றுப் பிழைபட்டாலும் குற்றமில்லை. பிள்ளையின் கை அதில் பட்டிருக்க வேண்டும். அவ்வீட்டில் எந்த உணவுக்கும் முகம் சுளியாத தலைமுறை வளரும்.