அயல்நாட்டுக் கலகமும் தமிழர் காப்பும்

(மகாராசபுரத்தில் ஆற்றப்பெற்ற உரை)



பொருள்தேடிக் கடல்கடத்தல் தமிழனுக்குப் புதிதன்று. ஆனால், கப்பலேறக் கற்ற தமிழன், கலகம் மூண்ட மண்ணைவிட்டுக் காலத்தே வெளியேறக் கற்றானா?

பர்மாவை நோக்குக. 1941 திசம்பர் 23-இல் சப்பானியர் இரங்கூன்மீது குண்டுமாரி பொழிந்தனர். அடுத்த சில கிழமைகளில் கப்பலில் இடம்பெற்றோர் தாயகம் சேர்ந்தனர். 1942 மார்ச்சில் நகர் வீழ்ந்தது, கடல்வழி அடைபட்டது. எஞ்சிய இந்தியர் பன்னூறாயிரவர் அரக்கான் மலைவழியாகவும் தமு வழியாகவும் நடந்தே வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் முறைக்காய்ச்சலாலும் வழியில் மடிந்தோர் பல்லாயிரவர். கப்பற்கட்டணத்துக்கு வகையற்ற ஏழைத் தொழிலாளியே பெருந்துயர் உற்றான்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2023 ஏப்பிரல் 15-இல் சூடானில் படைத்தலைவர் இருவர்தம் படைகள் மோதின. இந்திய அரசு ‘காவேரி’ என்னும் பெயரால் மீட்புப்பணி தொடங்கியது. மக்களைப் பேருந்துகளில் போர்ட்டு சூடான் துறைமுகம் சேர்த்து, கப்பலாலும் வானூர்தியாலும் சவுதி அரேபியா வழியே கொணர்ந்தது. 3,800-க்கு மேற்பட்டோர் மீண்டனர். காவேரி என்னும் பெயர் தமிழர் நெஞ்சைக் குளிர்விப்பதே. ஆயினும், தான் இருக்குமிடத்தைத் தூதரகத்துக்கு அறிவியாதவனை எந்தக் காவேரி தேடிச்செல்லும்?

ஆதலின், அயல்நாடு சென்றவுடன் இந்தியத் தூதரகத்தில் பெயரும் இருப்பிடமும் பதிக. கடவுச்சீட்டை முதலாளியிடம் விட்டுவைத்தல் தீது. அதன் படியொன்று ஊரிலும் இருக்கட்டும். அது தொலைந்துபோயின், தாயகம் திரும்புதற்குரிய நெருக்கடிச் சான்றைத் தூதரகம் வழங்கும். அந்நாட்டுக் கட்சிப் பூசலில் தலையிடற்க. கலகக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கவோ படம்பிடிக்கவோ செல்லற்க. வேட்டொலி கேட்குங்கால் சாளரத்தை விட்டகன்று உள்ளறை சேர்க. சில நாளைக்குரிய நீர், உலருணவு, மருந்து, கைப்பணம் ஆகியன எப்போதும் அணியமாக இருக்கட்டும். தனித்துப் புறப்படாது, தூதரகம் காட்டும் வழியில் கூட்டமாகச் செல்க.

எல்லாவற்றினும் தலையாயது ஒன்று. ‘வெளியேறுக’ என்று தூதரகம் அறிவிக்கும் நாளே புறப்படும் நாள். நிலுவை ஊதியத்துக்கெனக் காத்திருப்போன், வழியடைபட்ட பின்னரே விழிப்பான். விட்ட பொருளை மீண்டும் ஈட்டலாம். விட்ட உயிரை ஈட்டுவார் யார்?

வீட்டாருக்கும் இதில் கடமையுண்டு. கடன் கழுத்தை நெரிப்பினும், ‘இன்னும் ஒரு திங்கள் பொறுத்துக்கொள்’ என்று மகனுக்குச் சொல்லற்க. ‘உடனே வந்துவிடு’ என்று சொல்க. தாயின் அவ்வொரு சொல், தயங்கி நிற்கும் காலைப் பெயர்க்கும்.