ராக் இசைப் படங்கள்: உவப்பும் உவர்ப்பும்

தமிழ்த் திரைப்படம் என்றாலே பாட்டு என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். 1931ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காளிதாஸ்’ முதற்கொண்டு இன்றுவரை, பாட்டில்லாத தமிழ்ப் படங்களைத் தேடித்தான் எடுத்துக் காட்ட வேண்டும். ஆனால் பாட்டு நிறைந்த படம் வேறு. பாட்டைப் பற்றிய படம் வேறு. முன்னதில் கதைமாந்தர் மகிழ்ந்தாலும் பாடுவர், பிரிந்தாலும் பாடுவர். பாடி முடித்த பின் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசார். பின்னதிலோ, பாடுவதே அவர்தம் தொழில். பாட்டே அவர்தம் வாழ்வும் வழக்கும். இந்த இரண்டாம் வகையில், ‘ராக்’ என்று வழங்கும் மேலை நாட்டு இசையைச் சுற்றி எழுந்த படங்களுள் நமக்கு உவப்பானவை எவை, உவப்பில்லாதவை எவை, அவ்வாறு கருதுவதற்குக் காரணம் யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அந்தமானிலிருந்து பேசுவோருக்கு இப்பொருள் எதற்கு என்று சிலர் வியக்கக் கூடும். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நம் நகரில் வங்காளியரும் தமிழரும், தெலுங்கரும் மலையாளிகளும், சோட்டா நாகபுரியிலிருந்து வந்தோரும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். முன்பெல்லாம் ஒரு புதிய படமோ பாட்டோ சென்னைக் கப்பலில் மூன்று நாட் பயணம் செய்து நம்மிடம் வந்து சேரும். 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே கடலடிக் கம்பி வழித் தொடர்பு தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பின்னர், இலண்டனில் ஒலிக்கும் கிட்டார் அன்றைக்கே நம் பிள்ளைகளின் கைப்பேசியில் ஒலிக்கிறது. மூத்தோர், “என்ன இரைச்சல் இது!” என்கின்றனர். பிள்ளைகள் கதவைச் சாத்திக் கொள்கின்றனர். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புதிய செய்தியன்று. அக்கதவுக்கு வெளியே நின்று விடுவது பெற்றோர் மட்டும் அல்லர். அவர்கள் பேசும் தமிழும் வெளியே நின்று விடுகிறது. ஆதலின் இப்பொருளைத் தமிழில் பேசுவது வீண் பொழுதுபோக்கு ஆகாது என்பது நம் எண்ணம்.

நமக்குத் தொழில் மொழிபெயர்ப்பு. அத்தொழிலில் நாள்தோறும் பயன்படும் அளவுகோல் ஒன்று உண்டு: மூலத்தை மதித்து அதன் பொருளை மற்றொரு மொழியில் காட்டுவது நல்ல மொழிபெயர்ப்பு, மூலத்தின் பெயரை மட்டும் வைத்துக் கொண்டு அதனைத் தன் பகட்டால் மறைப்பது தீய மொழிபெயர்ப்பு. இசையைக் காட்சியாக்குவதும் ஒருவகை மொழிபெயர்ப்பே. இந்த அளவுகோலைக் கொண்டே இப்படங்களையும் அளப்போம்.

இவ்வகைப் படங்களின் வரலாறு ஆரவாரத்தோடு தொடங்கியது. 1955ஆம் ஆண்டில் வந்த ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ என்னும் அமெரிக்கப் படத்தின் தொடக்கத்தில் பில் ஹேலி குழுவினரின் பாட்டு ஒன்று ஒலித்தது. அப்பாட்டின் பெயரையே தலைப்பாகக் கொண்டு மறு ஆண்டில் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ வந்தது. இங்கிலாந்தில் இளைஞர்கள் கொட்டகை நடைபாதைகளில் ஆடினர். சில இடங்களில் இருக்கைகளைக் கிழித்தனர். சில நகரங்களில் படத்திற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆரவாரத்தை நீக்கிப் பார்த்தால் படத்தில் எஞ்சுவது சிறிதே. பாட்டுகளைக் கோப்பதற்கு ஒரு நூல் வேண்டும் என்று கதை சொல்லியிருக்கின்றனர், அவ்வளவே.

1957ஆம் ஆண்டின் ‘ஜெயில்ஹவுஸ் ராக்’ அதனினும் மேம்பட்டது. எல்விஸ் பிரெஸ்லி ஏற்ற கதைமாந்தன் சிறையில் தன்னோடு அடைபட்ட ஒருவனிடம் கிட்டார் கற்கிறான். வெளியே வந்து புகழ் பெறுகிறான். புகழ் அவனைச் செருக்கனாக்குகிறது. இசைக்கலைஞனைக் குறையுள்ள மனிதனாகக் காட்டத் துணிந்தமை இப்படத்தின் சிறப்பு. எனினும், சிறை அறைகளை அடுக்கி வைத்தாற்போன்ற அரங்கில் கைதிகளாய் வேடமிட்டவர்கள் துள்ளியாடும் அப்புகழ்பெற்ற காட்சியை, இத்தீவில் இருந்து கொண்டு முழு மனத்தோடு சுவைக்க நம்மால் இயலவில்லை. 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் 698 தனியறைகள் இருந்தன. ஒரு கைதி மற்றொருவர் முகத்தைக் காணாதவாறு அவை அமைக்கப்பட்டன. அதன் நிழலில் வாழ்வோருக்குச் சிறை என்பது ஆடும் மேடையாகத் தோன்றுவது அரிது. அக்காட்சியில் கலைத்திறன் குறைந்ததன்று; பார்க்கும் இடம் வேறு, அவ்வளவே.

பீட்டில்ஸ் குழுவினர் நால்வரையும் வைத்து ரிச்சர்ட் லெஸ்டர் என்னும் ஒரே இயக்குநர் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு படங்கள் எடுத்தார். ஒன்று நமக்கு மிகவும் உவப்பானது. மற்றொன்று சிறிதும் உவப்பில்லாதது. 1964ஆம் ஆண்டில் வந்த ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ கறுப்பு வெள்ளைப் படம். பெருங்கதை ஏதும் இல்லை. இரயிலில் செல்கின்றனர், இரசிகர்கள் துரத்துகின்றனர், செய்தியாளர்கள் கேட்ட கேள்வியையே கேட்கின்றனர், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடக்கிறது. புகழ் என்பது ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அடைத்துக் கொண்டு போகப்படுவதே என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது படம். மத்தளம் கொட்டும் ரிங்கோ தனியே ஆற்றங்கரையில் அலைந்து ஒரு சிறுவனோடு பேசும் பகுதி, எந்நாட்டவர் நெஞ்சையும் தொடும்.

மறு ஆண்டில் வந்த ‘ஹெல்ப்’ வண்ணப்படம். அதன் கதை யாது? ‘கைலி’ என்னும் தேவிக்கு நரபலி கொடுக்கும் கீழ்நாட்டுக் கூட்டம் ஒன்று, பலிக்குரிய மோதிரம் ரிங்கோவின் விரலில் மாட்டிக் கொண்டதால் அவரைத் துரத்துகிறது. வெள்ளைக்கார நடிகர்களே கீழ்நாட்டார் வேடம் புனைந்து வருகின்றனர். காளியைத் தாயென வணங்கும் வங்காளிக் குடும்பத்திற்கு அண்டையில், மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் மரபில் வந்த நாம் இதனைக் கண்டு எவ்வாறு சிரிப்பது? பாட்டுகள் இனியவை, படமோ பிறர் வழிபாட்டைக் கோமாளித்தனமாக்கியது. ஆயினும் வரலாறு விந்தையானது. அப்படத்தின் உணவகக் காட்சிக்காக வைத்திருந்த சிதாரைக் கண்டுதான் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அக்கருவியில் நாட்டம் பிறந்தது. 1966ஆம் ஆண்டில் அவர் பண்டிட் ரவிசங்கரிடம் மாணாக்கராய் அமர்ந்தார். ஏளனத்திற்காகக் கொணர்ந்த கருவி அவரை வணக்கத்திற்கு அழைத்துச் சென்றது.

ரவிசங்கரின் பெயரைச் சொன்னதும் ‘மான்டரே பாப்’ நினைவுக்கு வருகிறது. 1967 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் நடந்த இசை விழாவை டி. ஏ. பென்னிபேக்கர் படமாக்கி 1968இல் வெளியிட்டார். அதில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தம் கிட்டாரைத் தீயிட்டுக் கொளுத்துகிறார். அது ரவிசங்கரின் மனத்தைப் புண்படுத்தியது. கலைமகள் விழாவன்று கருவிக்குச் சந்தனமிட்டுக் கும்பிடும் நமக்கு அவருடைய வருத்தம் எளிதில் விளங்கும். அதே படம் எவ்வாறு முடிகிறது என்பதையும் பாருங்கள். சிதார் ஒலி எழுகிறது. ஆனால் நெடுநேரம் வாசிப்பவரைக் காட்டவில்லை. கேட்பவர்களின் முகங்களையே காட்டுகின்றனர். பின்னரே ரவிசங்கரும், தபலாவில் அல்லா ரக்காவும், தம்புராவில் கமலா சக்ரவர்த்தியும் தோன்றுகின்றனர். கால் மணி நேரத்திற்கும் மேலாக நீளும் அப்பகுதியோடு படம் நிறைவுறுகிறது. கேட்டல் என்பதும் ஒரு செயல் என்று காட்டிய இதனினும் சிறந்த காட்சியை நாம் கண்டதில்லை.

1969 ஆகஸ்ட் 15ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய வுட்ஸ்டாக் விழாவில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் கூடினர். அவ்விழாவின் தொடக்க உரையை நிகழ்த்தியவர் ஒரு தமிழர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்த சுவாமி சச்சிதானந்தரே அவர். அவ்விழாவைப் பற்றி மைக்கேல் வாட்லி எடுத்த ‘வுட்ஸ்டாக்’ 1970இல் வெளிவந்து, சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. அதில் நம் நெஞ்சில் நிற்பவர் பாடகர் எவரும் அல்லர். கழிப்பிடங்களைத் தூய்மை செய்யும் தொழிலாளி ஒருவர். தம் மகன் ஒருவன் இவ்விழாவில் இருக்கிறான், மற்றொருவன் வியட்நாமில் இருக்கிறான் என்று அவர் இயல்பாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறார். மேடைக்குக் கீழே உழைப்பவரையும் காணும் கண் உடையது அப்படம்.

அதே 1969இன் டிசம்பர் 6ஆம் நாள் கலிபோர்னியாவின் ஆல்டமான்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பாடுகையில், கூட்டத்தில் 18 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். ‘கிம்மி ஷெல்டர்’ என்னும் படம் அக்கொடுமையை மறைக்கவில்லை. பாடகர் மிக் ஜாகரையே படத்தொகுப்பு மேசையின்முன் அமர்த்தி, நடந்ததைப் பார்க்கச் செய்கிறது. இதனை உவப்பான படம் என்று சொல்ல நாக் கூசுகிறது. ஆயினும் உண்மையான படம். ‘வுட்ஸ்டாக்’கைக் காட்டும் பிள்ளைக்கு இதனையும் காட்டுவது கடமை.

இவற்றுள் நம் தீவுக்கு மிக நெருங்கியது ‘த கன்சர்ட் ஃபார் பங்களாதேஷ்’. 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவிற்குள் வந்தனர். ரவிசங்கர் வேண்ட, ஜார்ஜ் ஹாரிசன் 1971 ஆகஸ்ட் 1ஆம் நாள் நியூயார்க்கில் இரு இசை நிகழ்ச்சிகளை நடத்தினார். மறு ஆண்டு அது படமாக வந்தது. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி கூட்டி முடித்தவுடன் மக்கள் கைதட்டுகின்றனர். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்ததென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என நம்புவதாக ரவிசங்கர் புன்முறுவலோடு சொல்கிறார். அறியாமையை அவர் இகழவில்லை, அன்போடு திருத்துகிறார். 1949 முதலே கிழக்கு வங்காள அகதிகள் அந்தமானில் குடியேற்றப்பட்டனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு பள்ளியில் பயில்கின்றனர். தொலைவிலுள்ள ராக் பாடகர்கள் எந்த மக்களுக்காகக் கிட்டார் ஏந்தினரோ, அம்மக்களின் உறவினரே நம் அண்டை வீட்டார். இதை அறிந்த பின்னும் அவ்விசையை வெறும் இரைச்சல் என்பது பொருந்துமா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1979ஆம் ஆண்டில் கே. பாலசந்தர் இயக்கத்தில், சுஜாதாவின் கதையில் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’, ஓர் இசைக்குழு சிங்கப்பூர் செல்வதைச் சொல்கிறது. மெல்லிசை மன்னர் விசுவநாதனும் கவியரசர் கண்ணதாசனும் புதிய தாளத்தைத் தமிழுக்கு இசைவித்த திறம் வியப்புக்குரியது. ஆனால் கதை, குழுவினரின் இசை வாழ்வை விட்டுக் கடத்தல் கும்பலையும் நாயகியின் கொடிய நோயையும் நாடிச் சென்று விடுகிறது. அக்குழுவினர் எவ்வாறு ஒத்திகை செய்தனர், எதற்காகச் சண்டையிட்டனர் என்றறிய ஏங்குகிறோம். படம் அதனைச் சொல்லவில்லை. பாட்டால் உவப்பு; கதையால் குறை.

முற்றும் உவப்பில்லாதது 1982இன் இந்திப் படம் ‘டிஸ்கோ டான்ஸர்’. ராக் இசைக்கு அது ஒன்றுவிட்ட உறவுதான். எனினும் கிட்டார் நடுநாயகமாக இருப்பதால் இங்கே சேர்க்கிறோம். மின்சாரம் பாய்ச்சிய கிட்டாரால் நாயகனின் தாய் உயிர் இழக்கிறாள். பின்னர் கிட்டாரைக் கண்டாலே அவன் அஞ்சுகிறான். சோவியத்து நாட்டில் அப்படம் பெரும்புகழ் பெற்றது; தமிழிலும் 1985இல் ‘பாடும் வானம்பாடி’ என மறுவடிவம் கொண்டது. இசைக்கருவி ஒரு கதையில் கொலைக்கருவியாக மட்டுமே நினைவில் நிற்குமாயின், அக்கதை இசையைப் பற்றியது என்று எங்ஙனம் சொல்வது?

2008ஆம் ஆண்டின் ‘ராக் ஆன்’ இதற்கு நேர்மாறு. நான்கு நண்பர்களின் குழு சிதறுகிறது; ஆண்டுகள் பல கழிந்து, அலுவலும் குடும்பமுமாய் முதிர்ந்தவர்கள் மீண்டும் ஒன்றுகூடிப் பாடுகின்றனர். அதற்கு இசையமைத்த மூவருள் சங்கர் மகாதேவன், மும்பைச் செம்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வெளிமாநிலத்தில் வளர்ந்தால் இசையும் மொழியும் தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கு அவர் நல்ல விடை. 2011இன் ‘ராக்ஸ்டார்’ படத்தில் ஏ. ஆர். ரகுமானின் இசை உயர்ந்தது. ஆனால் நெஞ்சு உடைந்தால்தான் கலை பிறக்கும் என்னும் அதன் கருத்தை இளைஞர்முன் வைப்பது நன்றன்று. கலை பிறப்பது பயிற்சியால். மிருதங்கம் செய்பவரின் மகன் அதனை வாசிக்கக் கற்கப் போராடுவதைக் காட்டும் ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாள மயம்’, 2019இல் அவ்வுண்மையைத் தமிழில் சொன்னது. அதுபோல் ஒரு ராக் குழுவின் உழைப்பையும் ஒரு தமிழ்ப் படம் சொல்லுமாயின் நாம் முதல் வரிசையில் அமர்ந்து பார்ப்போம்.

நேயர்களே, இப்பட்டியலை நீங்கள் ஏற்க வேண்டுவதில்லை, மறுக்கலாம். மறுப்பதைத் தமிழில், உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து மறுங்கள் என்பதே நம் வேண்டுகோள். ‘ஹெல்ப்’ ஏன் புண்படுத்துகிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள். கிட்டாரைக் கொளுத்தியது ஏன் அவர்களுக்குப் பிடிக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை விரும்பும் பொருளைக் கடிந்து கொள்வதற்கு மட்டும் பயன்படும் மொழி, நாளடைவில் கடிந்து கொள்ளும் மொழியாகவே அப்பிள்ளையின் காதில் தங்கிவிடும். நயம் கூறவும் குறை கூறவும் வழக்காடவும் பயன்படும் மொழியோ, கடல் கடந்த தீவிலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.