கையில் வந்த கடிதமும் இடாப்பில் எங்கள் பெயரும்

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது மண்டபத்தில் நடைபெற்ற கருத்தரங்கில், இலண்டனில் குடும்பச் சட்டத்தரணியாகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் நிற்கும்போது காலையில் இடாப்பு வாசிக்கும் குரல்தான் நினைவுக்கு வருகிறது. பெயர் கூப்பிட்டால் எழுந்து "உள்ளேன் ரீச்சர்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாடம் நின்றுவிடாது. எங்கள் பெயருக்கு நேரே ஒரு வட்டம் விழும், அவ்வளவுதான். நீதிமன்ற அழைப்பாணையும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். அதைக் கையில் வாங்குவது பற்றியே இன்று பேசப் போகிறேன்.

இலண்டனுக்குப் போவதற்கு முன் சில வருடங்கள் இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்தேன். அக்காலத்தில் ஒரு பெண், கையில் ஒரு கடதாசியுடன் என்னிடம் வந்தார். கணவர் அவரையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வேறிடம் போய்ச் சில காலமாகியிருந்தது. ஒருநாள் பதிவுத் தபால் வந்தது. உறையில் நீதிமன்றத்தின் பெயரைக் கண்டதும் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு பிஸ்கால் உத்தியோகத்தர் வந்தார். வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை. கதவில் ஒட்டிவிட்டுப் போன அழைப்பாணையை, அயலவர்கள் காணக்கூடாதென்று தாயார் கிழித்து அடுப்பில் போட்டார்.

"கையெழுத்து வைக்கேல்லை எண்டால் வழக்கு நடக்காது எண்டு எல்லாரும் சொன்னவை, மிஸ்" என்றார் அந்தப் பெண்.

வழக்கு நடந்துவிட்டது. அவர் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக விசாரித்து, நீதிமன்றம் விவாகரத்துக்கான முதற் தீர்ப்பாணையையும் வழங்கிவிட்டது. அதன் பிரதிதான் அவர் கையிலிருந்த கடதாசி. அது கிடைத்துப் பதினொரு நாட்கள் கழிந்திருந்தன. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, தீர்ப்பாணை சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள், வராமற் போனதற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். அவசரமாக மனுப் போட்டோம். "ஏன் வரவில்லை?" என்று நீதிபதி கேட்டார். பயம் என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை. மனு தள்ளுபடியானது.

விவாகரத்து அந்தப் பெண்ணுக்கும் வேண்டித்தான் இருந்தது. ஆனால் வழக்கில், கணவரைக் கைவிட்டுப் போனவர் அவரே என்று எழுதப்பட்டிருந்தது. மறுத்துச் சொல்ல ஆளில்லாததால் அந்த வசனம் நீதிமன்றப் பதிவில் அப்படியே நிலைத்துவிட்டது. பிள்ளைகளுக்கான தாபரிப்பை 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் வேறாக வழக்குப் போட்டுப் பெற்றோம். ஆனால் அந்த ஒரு வசனத்தை என்னால் அழிக்க முடியவில்லை. இன்றுவரை என் மனதை உறுத்துவது அதுதான்.

சகோதரிகளே, அழைப்பாணையை வாங்குவது சம்மதம் ஆகாது. அதில் எழுதியிருப்பதை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. கிடைத்தது என்பதற்கு மட்டுமே அந்தக் கையெழுத்து. மறுபக்கத்தாருக்குச் சொல்லாமல் எந்தத் தீர்ப்பும் வழங்கக்கூடாது என்பதற்காகவே சட்டம் இவ்வளவு பாடுபடுகிறது. இலங்கையில் முதலில் பதிவுத் தபால். அது பலிக்காவிட்டால் பிஸ்கால் உத்தியோகத்தர் அல்லது கிராம உத்தியோகத்தர் நேரில் கொண்டுவருவார். அதுவும் முடியாவிட்டால் வீட்டில் ஒட்டப்படும். இத்தனை முறை கதவைத் தட்டுவது எங்களை அவமானப்படுத்த அல்ல, எங்கள் பக்கத்தையும் கேட்பதற்கே.

இனி நான் இப்போது தொழில் செய்யும் இங்கிலாந்துக்கு வருகிறேன். அங்கே இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். 'புரொசெஸ் சேர்வர்' என்பார்கள். இவர்கள் பொலிசார் அல்லர், தனியார். வீட்டுக்குள் நுழையவோ, பொருளை எடுக்கவோ, பணம் கேட்கவோ இவர்களுக்கு அதிகாரமில்லை. ஆளைச் சரியாக அடையாளங்கண்டு ஆவணத்தைக் கொடுப்பார்கள். வாங்க மறுத்தால், இன்னதென்று சொல்லி அருகில் வைத்துவிட்டு வருவார்கள். பின்னர் நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் எழுதி நீதிமன்றத்துக்கு உறுதிப்படுத்துவார்கள். விவாகரத்து விண்ணப்பத்தை விண்ணப்பித்தவரே நேரில் கொடுக்க அங்கு விதி இடமளிப்பதில்லை. காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. மனக்கசப்போடு பிரிந்த இருவர் வாசலில் நேருக்கு நேர் நின்றால் என்ன நடக்கும்? பிறகு, கொடுத்தேன் என்று ஒருவரும் தரவில்லை என்று மற்றவரும் சொன்னால் யாரை நம்புவது?

2022 ஏப்ரல் 6 முதல் அங்கே புதிய விவாகரத்துச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. யார் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை. பெரும்பாலும் நீதிமன்றமே மின்னஞ்சலில் அனுப்பி, தபாலிலும் அறிவிக்கும். பதில் தர 14 நாட்கள். ஆகவே அங்கிருக்கும் தங்கைமார் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியையும் பார்க்க வேண்டும்.

ஆனால் வன்முறையிலிருந்து காக்கும் தடைக் கட்டளையை இன்றும் நேரிலேயே கொடுக்கிறோம். 2007 ஜூலை முதல் அதை மீறுவது அங்கே குற்றச்செயல். ஆனால் கட்டளை இருப்பது தெரியாதவரை ஒருவர் குற்றவாளியாக மாட்டார். எனவே அந்தக் கடதாசி அவர் கைக்குப் போகும்வரை அந்தப் பெண்ணுக்கு முழுப் பாதுகாப்பில்லை. ஒருமுறை இரவு எட்டு மணிக்கு, "கொடுத்துவிட்டேன்" என்று சேர்வர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் உடனே அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். "இனி லைற்றை நிப்பாட்டிப் போட்டுப் படுக்கலாம், அக்கா" என்றார்.

கணவர் வெளிநாட்டிலும் மனைவி இங்குமாக இருக்கும் குடும்பங்கள் எங்களிடையே அதிகம். வெளிநாட்டு நீதிமன்ற ஆவணங்களைச் சேர்ப்பிப்பதற்கு 1965ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை உண்டு. இலங்கையும் பிரித்தானியாவும் அதில் இணைந்துள்ளன. அதன்படி வரும் ஆவணம் இங்கே நீதி அமைச்சின் ஊடாக வரும். "இலண்டன் கடதாசி இங்கை செல்லாது" என்று யாரும் சொன்னால் நம்பி எறிந்துவிடாதீர்கள். நீதிமன்றம் அனுமதித்தால் வேறு வழிகளிலும் அனுப்பலாம். எந்த வழியில் வந்தாலும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

கடிதம் வந்தால் செய்ய வேண்டியவை சில. வாங்குங்கள். கிடைத்த திகதியை எழுதி உறையையும் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றத் தவணை எப்போதென்று பாருங்கள். கிடைத்ததற்கான கையெழுத்தைத் தவிர வேறெதிலும் விளங்காமல் ஒப்பமிடாதீர்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வழக்குப் போடுபவராக இருந்தால் மறுபக்கத்தின் சரியான முகவரியைக் கொடுங்கள். பொய் முகவரியில் பெற்ற தீர்ப்பு பிற்காலத்தில் உங்கள் காலையே வாரிவிடும்.

இன்னுமொன்று. அயல்வீட்டுக் கதவில் கடதாசி ஒட்டப்பட்டிருந்தால் அதைக் கதையாக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள். தவணையன்று கூடப் போங்கள். அந்தத் தாயார் கடதாசியை அடுப்பில் போட்டது அயலவர்களான எங்களுக்குப் பயந்துதான்.

பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று "உள்ளேன்" என்று சொல்ல இந்தப் பாடசாலை எங்களுக்குப் பழக்கியிருக்கிறது. நீதிமன்றம் கூப்பிடும்போதும் அதையே சொல்லுவோம்.