கரையோரச் சிற்றூரும் கம்பெனி விளம்பரமும்

புத்தளத்திலிருந்து சிலாபம் செல்லும் பெருந்தெருவிலே மதுரங்குளி என்னும் சிறு பட்டினம் உண்டு. அதனை அண்டி அமைந்த ஊர் கனமூலை. தென்னந்தோட்டம், உப்பளம், இறால் வளர்க்கும் குளம், களப்பிலே வலைவீசும் தோணி, இவையே அக்கரையோரத்தின் பொதுக் காட்சிகள். முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர் அது. வீட்டு மொழி தமிழ். ஊருக்கு வடக்கே பாலாவிப் பகுதியிலே சீமெந்துத் தொழிற்சாலை நிற்கின்றது. அருவாக்காட்டிலே வெட்டியெடுக்கப்படும் சுண்ணக்கல் புகைவண்டியேறி அங்கே வந்து சீமெந்தாகின்றது. அரசாங்க முயற்சியாய்த் தொடங்கிய அத்தொழில் தனியார் கைக்கு மாறி, சுவிற்சர்லாந்தின் ஹொல்சிம் குழுமத்திடம் சென்று, 2016 ஆம் ஆண்டில் தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்துக் கம்பெனிக்கு உரியதாயிற்று. அதன்பின் மூடைகளில் 'இன்சி' என்னும் பெயர் ஏறிற்று.

இத்தகைய பெரியதொரு கம்பெனி தன் வாசலுக்கு அருகேயுள்ள கனமூலையில் தன் பெயரை நிலைநாட்ட எண்ணுகின்றது எனக் கொள்வோம். அது என்ன செய்தல் வேண்டும்? அரை நூற்றாண்டுக்கு முன் இக்கேள்விக்கு விடை எளிது. இரும்புக்கடைச் சுவரிலே வர்ணம் பூசி எழுதலாம். சந்தியிலே தகரப் பலகை நாட்டலாம். வானொலியிலே காசு கொடுத்துப் பேசலாம். இன்று கம்பெனிகள் முதலில் நாடுவது இணையத்தை. இணையத்தை நாடியவுடன் எழும் முதற் கேள்வி 'என்ன சொல்வது?' என்பதன்று, 'யாருக்குச் சொல்வது?' என்பதே. வாங்குவோரை வகை வகையாய்ப் பிரித்து, வகைக்கேற்ற பண்டமும் வகைக்கேற்ற பேச்சும் கொண்டு செல்லும் இம்முறையை வணிகக் கல்வி பயில்வோர் சந்தைத் துண்டமாக்கல் என்பர்.

பெயர்தான் புதிது, வழக்கம் பழையது. 1890 ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அதுகாறும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்ட தேயிலையை, ஏழையும் வாங்கத்தக்க சிறு பொட்டலங்களாக்கினார். பிரித்தானியாவின் ஊர்கள்தோறும் தண்ணீரின் தன்மை வேறுபடுவதைக் கண்டு, அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஒத்த கலவையைத் தருவதாகவும் விளம்பரஞ் செய்தார். ஒரே மலைநாட்டுக் கொழுந்து, ஊருக்கு ஊர் வேறு தேநீராய் இறங்கிற்று. அறிஞர்கள் அதற்கு இலக்கணம் வகுத்தது பின்னரே. அமெரிக்கரான வெண்டல் சிமித் 1956 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்று இத்துறையின் மூலநூல் போலக் கருதப்படுகின்றது. மக்களின் விருப்பத்தைப் பண்டத்தை நோக்கி வளைப்பது ஒரு வழி. பண்டத்தை மக்களின் வெவ்வேறு விருப்பங்களுக்கு ஏற்ப அமைப்பது மற்றொரு வழி. இரண்டும் ஒன்றல்ல என்பது அவர் காட்டிய வேறுபாடு.

தமிழ்நாட்டு உதாரணம் இதனினும் தெளிவானது. தலைக்கு இடும் சம்பூ ஒருகாலத்தில் போத்தலில் மட்டுமே விற்கப்பட்டது. போத்தல் வாங்க முடியாத கூலித் தொழிலாளியின் குடும்பம் அக்கம்பெனிகளின் கணக்கிலேயே இருக்கவில்லை. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பார் அதனைச் சிறு பையில் அடைக்கும் வழியைத் தொடங்கினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983 ஆம் ஆண்டில் 15,000 ரூபாய் முதலுடன் 'சிக்' சம்பூவைத் தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் கெவின்கெயார் என்னும் பெருங் கம்பெனியாயிற்று. 50 காசுக்கு ஒரு பை என்ற நிலை வந்தபோது, பெரிய கம்பெனிகள் காணாதிருந்த ஒரு சந்தை கண்முன்னே விரிந்தது. அம்மக்கள் அங்கே எப்போதும் இருந்தவர்களே. அவர்களைக் கணக்கில் எடுப்பார்தான் இருக்கவில்லை.

வானொலியின் கதைக்கு வருவோம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இரண்டு ஆண்டுகளின்பின், இந்திய அரசின் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை விலக்கி வைத்தது. இசை தேடிய கோடிக்கணக்கான செவிகள் கொழும்பை நோக்கித் திரும்பின. அவற்றின் பின்னே இந்தியாவில் பண்டம் விற்ற கம்பெனிகளும் வந்தன. சீபா கம்பெனியின் பற்பசைக்காக 1952 டிசம்பரில் தொடங்கிய 'பினாக்கா கீதமாலா' என்னும் இந்தி நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயிலே ஒலிப்பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பினார். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்று கூறப்படுகின்றது. தமிழ்ச் சேவையிலே மயில்வாகனனின் குரலைக் கேட்கத் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலே கூட்டம் கூடியது. அக்கடிதங்களும் தபாலட்டைகளும் வெறும் புகழுரைகளல்ல. எந்த ஊரில் கேட்கின்றார்கள், எந்தப் பாட்டை விரும்புகின்றார்கள், குடும்பத்தில் யார் யார் உள்ளனர் என்பதையெல்லாம் நேயர் தம் கையாலேயே எழுதி, தபாற்கட்டணமும் தாமே செலுத்தி அனுப்பினர். விளம்பரதாரருக்கு அதனினும் பெரிய செல்வம் வேறில்லை. இந்திய வானொலி தன் விவித்பாரதியைத் தொடங்கியது 1957 இல். அதில் விளம்பரத்தை அனுமதித்தது 1967 இல். இடைப்பட்ட காலம் முழுவதும் கொழும்புக்கு வாய்த்த சந்தை அது.

எனினும் வானலைக்கு ஒரு குணம் உண்டு. அது ஆள் பார்த்துச் செல்வதில்லை. பற்பசை விளம்பரம் பல்லில்லாத கிழவருக்கும் கேட்கும். வீடு கட்டாதவனும் சீமெந்தின் பெயரை மனனஞ் செய்து வைத்திருப்பான். பத்து வருடங்கழித்துக் கட்டும்போது அப்பெயர் நாவில் வரும். வீண்போலத் தோன்றிய அச்செலவிலே ஓர் ஊதியம் ஒளிந்திருந்ததென்று சொல்லத் தோன்றுகின்றது.

இணைய விளம்பரம் அதற்கு நேர் எதிரானது. 1994 ஒக்டோபரில் அமெரிக்காவின் 'ஹொட்வயர்ட்' என்னும் தளத்திலே தொலைபேசிக் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி.யின் பட்டை விளம்பரம் வெளிவந்தபோதும், அது பார்த்தவர் அனைவருக்கும் ஒன்றாகவே இருந்தது. 2000 ஒக்டோபரில் கூகிள் தன் விளம்பரச் சேவையைத் தொடங்கிற்று. தேடுவோன் எழுதும் சொல்லுக்கு ஏற்ப விளம்பரம் வரலாயிற்று. 'வீட்டுக்கு எந்தச் சீமெந்து நல்லது?' என்று தேடுவோன் தன்னைத்தானே ஒரு துண்டத்தில் வைத்துவிடுகின்றான். கம்பெனி அவனைத் தேடி அலைய வேண்டியதில்லை. முகநூல் போன்றவை இன்னும் ஒருபடி மேலே சென்றன. வயது, பால், ஊர், மொழி, விருப்பு ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தால், அவ்வகையாருக்கு மட்டுமே விளம்பரம் செல்லும். ஒருவர் திரையைத் திறக்கின்ற கணப்பொழுதிலே, அவர் கண்முன் தோன்றும் இடத்துக்காகக் கம்பெனிகளிடையே ஏலம் நடந்து முடிகின்றது. கூறுவான் ஓர் இயந்திரம், கேட்போரும் இயந்திரங்களே. மீன்வாடியில் நடக்கும் ஏலத்துக்கும் இதற்கும் கொள்கையளவில் பெரிய வேறுபாடில்லை. மீனுக்குத் தான் ஏலம் போவது தெரியாது என்பதும் பொருந்தும்.

இனிக் கனமூலைக்குத் திரும்பலாம். கம்பெனியின் கொழும்புக் காரியாலயத்திலே ஓர் இளைஞர் கணினியின் முன் அமர்ந்து, புத்தளம் மாவட்டத்துக்கு விளம்பரம் அமைக்கின்றார் என்க. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 7.6 இலட்சம் மக்கள், பெரும்பான்மையினர் சிங்களவர், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முஸ்லிம், தமிழர் சிறு தொகையினர். மாவட்டத்தை ஒரே துண்டமெனக் கொண்டால், விளம்பரம் சிங்களத்தில் மட்டுமே அமையும். கனமூலையின் வீடுகளுக்கும் அதுவே செல்லும். படித்துப் பொருள் விளங்குவோர் உண்டு; பலருக்கு அது கண்ணில் பட்டு நழுவும் படமேயாகும்.

சரி, தமிழில் ஒன்று தனியே செய்து, மொழி என்ற இடத்திலே 'தமிழ்' என்று குறித்தால் போதாதா? போதாது. இங்கேதான் நுட்பமான ஓர் இடறல் இருக்கின்றது. இயந்திரம் ஒருவருடைய மொழியைப் பெரும்பாலும் அவர் தம் கணக்கை எந்த மொழியில் அமைத்திருக்கிறார் என்பதைக் கொண்டே அறிகின்றது. தமிழிலேயே பேசி, தமிழிலேயே குரற்செய்தி அனுப்பும் இளைஞர்கள் பலர், கைத்தொலைபேசியை வாங்கிய நாளில் இருந்தவாறே ஆங்கிலத்தில் விட்டு வைத்திருக்கின்றனர். இயந்திரத்தின் கண்ணுக்கு அவர்கள் ஆங்கிலேயர். தமிழ்த் துண்டத்திலும் இல்லை. சிங்களத் துண்டத்திலும் இல்லை. வலையின் கண் மிகச் சிறிதாயிருந்தும் மீன் நழுவுகின்றது.

அடுத்தது இன்னும் பெரிது. வீடு கட்டும் பணம் எங்கிருந்து வருகின்றது? இக்கரையோரத்து ஊர்களிலே பல வீடுகளின் அத்திவாரம் கட்டாரிலும் சவூதியிலும் உழைத்த பணத்தால் இடப்பட்டதாகும். தோகாவிலே வேலைசெய்யும் கணவன் இரவிலே கைத்தொலைபேசியில் மனைவியின் முகம் பார்த்துப் பேசி, எத்தனை மூடை, என்ன பெயர் என்று முடிவு செய்கின்றான். வாங்குபவன் தோகாவில்; வீடு கனமூலையில். ஊரின் பெயரைக் குறித்து விளம்பரம் விட்ட கம்பெனி, பணப்பை எங்கே இருக்கின்றதோ அங்கே செல்லவில்லை. கல்லடுக்கும் மேசன் மற்றொருவர். 'இதைப் போடுங்கள்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், திரையிற் கண்ட நூறு படங்கள் அதன்முன் நில்லா. அவருக்குக் கடனுக்கு மூடை கொடுக்கும் இரும்புக்கடை முதலாளி மூன்றாமவர். இம்மூவருக்கும் ஒரே விளம்பரத்தை அனுப்புவது, மூவருக்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பதை ஒக்கும்.

பண்டத்தின் பக்கம் பார்த்தால் கம்பெனிகள் இதை உணராதவையல்ல. கடற்கரை நிலத்திலே குளோரைட்டு கொங்கிறீற்றினுள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். சல்பேற்று கொங்கிறீற்றையே சிதைக்கும். அதற்கென்றே 'மகாவலி மரைன்' என்னும் பெயரில் ஒரு வகைச் சீமெந்து சந்தையிலே உள்ளது. இது உண்மையான துண்டமாக்கல். மண்ணையும் காற்றையும் பார்த்துச் செய்தது. கனமூலையில் வீடு கட்டுவோனுக்கு மிக வேண்டிய செய்தி இதுவே. அச்செய்தி அவனுக்கு விளங்கும் மொழியிலே அவனை அடையாவிட்டால், அவன் விலை குறைந்த வேறொரு மூடையை வாங்கிச் செல்வான். சில வருடங்களிலே கொங்கிறீற்றுத் தட்டின் அடிப்புறம் பொருக்குவிட்டு, உள்ளே கம்பி சிவந்து தெரியும். வெளிநாட்டில் உழைத்த பத்து வருட உழைப்பு அந்தக் கூரையில் இருக்கின்றது. விளம்பரத்தைத் தொல்லையென்று மட்டும் எண்ணுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

மறுபக்கமும் உண்டு. பிரிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு விலக்கவும் தெரியும். அமெரிக்காவில் முகநூல் வழியே வீட்டு விளம்பரம் செய்வோர் குறித்த சில இனத்தாரை விலக்கி வைக்க முடிந்ததை 2016 ஆம் ஆண்டில் 'புரோபப்ளிக்கா' என்னும் செய்தி நிறுவனம் வெளிப்படுத்திற்று. பல எதிர்ப்புகளின்பின், மதம், இனம், உடல்நலம், அரசியல் போன்ற நுண்ணிய விடயங்களைத் தொட்டு ஆட்களைப் பொறுக்கும் பிரிவுகளை 2022 ஜனவரி முதல் அந்நிறுவனம் நீக்கிற்று. பல இனத்தார் அடுத்தடுத்து வாழும் புத்தளம் போன்ற மாவட்டத்திலே இது தூரத்துச் செய்தியன்று. வேலைவாய்ப்பு விளம்பரமோ கடன்வசதி விளம்பரமோ ஓர் ஊருக்கு வராமலே போனால், வராதது எது என்பதை அவ்வூரார் அறிய வழியே இல்லை. சுவரிலே எழுதிய விளம்பரம் யார் கண்ணுக்கும் மறைவதில்லை. திரையிலே காட்டாத விளம்பரம் மறைந்தது என்பதுகூடத் தெரியாது.

இலங்கைப் பாராளுமன்றம் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை, கட்டங்கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டுடன் நிறைவேற்றிற்று. ஒருவருடைய இசைவின்றி அவருக்கு விளம்பரச் செய்தி அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பகுதியும் அதிலே உண்டு. கடையிலே பற்றுச்சீட்டுக்கென்று கேட்கப்படும் தொலைபேசி இலக்கம் எங்கெங்கே போகின்றது என்று கேட்பதற்கு அச்சட்டத்திலே இடம் வகுக்கப்பட்டுள்ளது, கேட்பார் வேண்டும்.

ஊர்ச் சில்லறைக்கடை முதலாளியும் துண்டமாக்கல் அறிந்தவரே. எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, எவருக்கு வெளிநாட்டுப் பணம் வந்தது, எவருக்கு நோன்பு மாதத்தில் கடன் தேவைப்படும் என்பதெல்லாம் அவருடைய கடன் கொப்பியிலே இருந்தன. அவர் அறிந்ததை ஊரும் அறியும். அவர் எல்லை மீறினால் பள்ளிவாசல் முற்றத்திலே நின்று கேட்க ஆளிருந்தது. கொழும்புக் கம்பெனியின் கொப்பி எங்கோ ஒரு நாட்டின் இயந்திரத்திலே இருக்கின்றது. அக்கம்பெனி உண்மையிலேயே கனமூலையைத் தன் சந்தையாகக் கருதுமாயின், ஏலத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, தமிழ் நன்கு அறிந்த ஒருவரை மேசன்மாரிடமும் இரும்புக்கடைக்கும் அனுப்பிக் கேட்டுவரச் செய்யலாம். கேட்டு வந்ததைக் கொண்டு தோகாவுக்கு ஒன்று, மேசனுக்கு ஒன்று, வீட்டிலிருந்து வேலையை மேற்பார்க்கும் மனைவிக்கு ஒன்று என மூன்று சிறு தமிழ்ப் படங்கள் எடுக்கலாம். அவற்றைக் குரலோடு எடுத்தல் நன்று. எழுத்தைப் படிக்காதவர்க்கும் குரல் விளங்கும். கைத்தொலைபேசியின் மொழி ஆங்கிலமாயிருந்தாலும், கேட்கும் காது தமிழ்க் காதுதான்.