நீர்க்கடுப்பும் மிச்ச மாத்திரையும்
(லகாட் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் போனசும் பேச வேண்டிய மேடையில் நீர்க்கடுப்பைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சிலர் முகம் சுளிக்கலாம். வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேசுகிறோம். விடியுமுன் பெரட்டுக்கு வந்து, நிரையில் இறங்கி, பாலை ஸ்டோரில் கொடுக்கும் வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீரும் குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் நம்மிடையே இருக்கின்றனர். மேசையை விட்டு எழாத கிராணிமார்களும் விலக்கல்ல.

குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமி சிறுநீர்ப் பாதையில் ஏறுவதே பெரும்பாலும் இந்நோய்க்குக் காரணம். பெண்களுக்கு அப்பாதை நீளம் குறைவு. ஆகவே தொல்லையும் அதிகம். டாக்டர் கொடுத்த ஆண்டிபயாட்டிக் மாத்திரையை இரண்டு நாள் விழுங்கியதும் எரிச்சல் நின்றுவிடுகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? மிச்சத்தை டப்பாவில் போட்டு வைக்கிறோம். பக்கத்து வீட்டம்மாவுக்குச் சளிக்காய்ச்சல் என்றால் அதில் இரண்டைக் கொடுக்கிறோம். நல்ல மனசுதான், ஆனால் சளிக்காய்ச்சலுக்கு அம்மாத்திரை பலிக்காது. அரைகுறை மருந்தில் எளிய கிருமிகள் மடிகின்றன. மருந்தைத் தாங்கும் கிருமிகள் பிழைத்துப் பெருகுகின்றன. அதோடு விடுவதில்லை, தாங்கும் வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுகின்றன!

இது கற்பனையன்று. புது டில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீரில், கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த மருந்துகளையும் முறிக்கும் கிருமி 2008-இல் கண்டறியப்பட்டது. 2010-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதலானோர் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அதே ஆற்றல் இருந்தது. குறைந்த அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று பெனிசிலின் கண்ட பிளெமிங் 1945-லேயே எச்சரித்திருந்தார்.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டப்படி டாக்டர் சீட்டின்றி இம்மருந்தை விற்கக்கூடாது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். நம்மோடு மரம் வெட்டும் வெளிநாட்டுத் தோழர்களுக்குக் கட்டணம் அதிகம். மிச்ச மாத்திரையைத் தேடி அவர்கள் வருவது அதனால்தான். இதை மறைக்க வேண்டியதில்லை.

டாக்டர் சொன்ன நாள் வரை உண்ணுங்கள். கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீரைச் சோதித்து எம்மருந்து பலிக்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காய்ச்சலோ, விலாப்புறத்தில் வலியோ, சிறுநீரில் இரத்தமோ கண்டால், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலும், அன்றே போங்கள்.

மாத்திரையோடு விஷயம் முடியவில்லை. வேலையிடத்தில் தொழிலாளர் நலனுக்குப் போதிய வசதி செய்வது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எந்த நிரைக்குப் பக்கத்தில் கழிவறை இல்லை, எங்கே குடிநீர் இல்லை என்று கிராணித் தோழர்கள் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளோடு நிர்வாகத்தைச் சந்திக்கப் போகிறோம்.