மீன் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கார்த்திகை தீபம் முடிந்து பனி இறங்கும் மாதங்களில், மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர் திடீரென்று குளிர்ந்தால் மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும். அப்போதுதான் வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டும்.

உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவியது போலப் புள்ளிகள் தெரியும். மீன் கல்லில் உரசிக்கொள்ளும். புள்ளியே இல்லாமல் மேலே வந்து மூச்சு வாங்கினால், முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மருந்தை ஊற்றாமல், குளோரின் போக்கிய தண்ணீரால் கால் பங்கை மாற்றுங்கள். காற்றுக் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள்.

இந்த நோய்க்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து எட்டாது. கீழே உதிர்ந்து, நூற்றுக்கணக்கில் பெருகி, தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். மேலும் ஒரு வாரமாவது தொடருங்கள். ஹீட்டர் வைத்து, வெப்பத்தை மெல்ல 28 முதல் 30 டிகிரிக்கு உயர்த்தினால் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக முடியும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், காற்றைக் கூட்டுங்கள். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். அது மருந்தை உறிஞ்சிவிடும்.

சென்னை கொளத்தூரில் வாங்கினாலும் நம் ஊர்க் கடையில் வாங்கினாலும், புது மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். ஒரு மீனோடு வரும் நோய் தொட்டியையே காலி செய்துவிடும்.